வாங்கிப் போடுகிறவர்கள்

நகை வாங்கிப் போட்டால் அது பெண்ணின் கழுத்தில் கிடக்கும். அரிசி வாங்கிப் போட்டால் வீட்டுப் பானையில் கிடக்கும். மனை வாங்கிப் போட்டால் அது எங்கே கிடக்கிறது என்பது, போட்டவர்களிலேயே பல பேருக்குச் சரியாகத் தெரியாது. செங்கற்பட்டைத் தாண்டித் திண்டிவனம் போகிற வழியில், பெரிய ரோட்டிலிருந்து இறங்கி, ஒரு மாரியம்மன் கோவிலை அடையாளம் வைத்து உள்ளே போனால், முள்ளுக்கு நடுவே வெள்ளையும் மஞ்சளுமாகச் சாயம் பூசிய கற்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் நாலு கல் நம்முடையவை. எந்த நாலு என்று கேட்கக் கூடாது. வாங்கிய அன்று தரகர் கையை நீட்டிக் காட்டினார். அப்புறம் போய்ப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

ஆனாலும் நடுத்தரக் குடும்பங்களில் பிள்ளை முதல் சம்பளம் வாங்கிய மாதமே உபதேசம் ஆரம்பமாகிவிடுகிறது. "எங்கேயாவது ஒரு அரை கிரவுண்டு வாங்கிப் போடு. மண்ணிலே போட்ட காசு வீண் போகாது." மாமா சொல்கிறார்; சித்தப்பா சொல்கிறார்; ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்கிறார். சொல்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. அந்தப் பிள்ளையின் நன்மையைக் கருதியேதான் சொல்கிறார்கள். அதனால்தான் இந்த உபதேசத்தைக் கண்டு எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு சொல்லும் யோசனையை நாம் சந்தேகப்படுவோம். அன்போடு சொல்லும் யோசனைக்கு அம்மாவின் வளையல்களைக் கழற்றிக் கொடுத்துவிடுவோம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். குடியிருக்க ஒரு வீடு வேண்டும் என்று மனை தேடுகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் பத்துத் தடவை போய்ப் பார்ப்பார். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார். மழைக் காலத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று எதிர்வீட்டு அம்மாளிடம் கேட்பார். நான் சண்டை பிடிப்பது, குடியிருக்கும் உத்தேசமே இல்லாமல், விலை ஏறினால் விற்கலாம் என்ற ஒரே எண்ணத்தில், வாழ்நாள் சேமிப்பை முதல் தடவையாக மண்ணில் கொட்டுகிறவரோடும், அப்படிக் கொட்டச் சொல்கிறவரோடும்தான்.

"கதை எழுதுகிறவருக்கு இதில் என்ன வேலை?" என்று வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். நியாயமான கேள்விதான். நான் சட்டக் கல்லூரிப் படி ஏறினவன் அல்ல. வட்டிக் கணக்கு போடுவதற்கே காகிதமும் பென்சிலும் தேவைப்படுகிற ஆசாமி. ஆனால் இருபது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். முன்கதை இல்லாத பாத்திரம் நம்பத் தகுந்த பாத்திரம் அல்ல. ஒருவன் எங்கிருந்து வந்தான், யார் பிள்ளை, யாருக்குக் கடன்பட்டவன் என்று தெரியாமல் அவனைக் கதாநாயகன் ஆக்கினால், வாசகர்கள் மூன்றாவது அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கதையில் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கும் நீங்கள், இருபது லட்ச ரூபாய் கொடுத்து வாங்கும் நிலத்தின் முன்கதையை ஏன் கேட்பதில்லை? இதுதான் இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி.

மனை வாங்கப் போகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். "பட்டா இருக்கிறதா? ரிஜிஸ்டர் ஆகுமா? பாங்கி கடன் கிடைக்குமா? விலை ஏறுமா?" இந்த நாலு கேள்விக்கும் "ஆம்" என்று பதில் சொல்லத் தெரியாத தரகர் உலகத்தில் இல்லை. நாலு "ஆம்" கிடைத்ததும் அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. ஒவ்வொரு "ஆம்"-க்கும் உண்மையில் என்ன மதிப்பு என்று பார்ப்போம்.

"ரிஜிஸ்டர் ஆகிவிட்டது, இனி என்ன?" என்று நிம்மதியாகப் பெருமூச்சு விடுகிறோம். நம் பத்திரப் பதிவுச் சட்டம் 1908-ம் வருஷத்தது. அந்தச் சட்டம் பதிவு செய்வது பத்திரத்தை, உரிமையை அல்ல. இன்னார் இன்னாருக்கு இன்ன தேதியில் இப்படி எழுதிக் கொடுத்தார் என்பதற்குத்தான் சப்-ரிஜிஸ்திராரின் முத்திரை சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நிலம் சொந்தமா என்பதற்கு அது சாட்சி அல்ல. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் எத்தனை முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் அது வாங்கினவருக்கு வந்து சேராது.

பட்டாவின் சங்கதியும் இப்படித்தான். பட்டா என்பது நிலத்துக்குத் தீர்வை கட்ட வேண்டியவர் யார் என்று ரெவின்யூ இலாகா வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு. அது மட்டும் உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று கோர்ட்டுகள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டன. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க ஒரு பெரிய திட்டம் நடந்தது. 'யு.டி.ஆர்.' என்று கிராமங்களில் இன்றும் அதைச் சொல்வார்கள். நல்ல எண்ணத்தோடு நடந்த காரியம்தான். ஆனால் அதில் பெயர் மாறிப் போனவர்களும், உட்பிரிவு எண் மாறிப் போனவர்களும் இன்றைக்கும் தாலூகா ஆபீஸ் வராந்தாவில் திருத்த மனுவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வராந்தாவில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து வந்தவர் யாரும், பட்டா இருக்கிறது என்ற ஒரே வார்த்தையை நம்பிப் பணம் எடுத்துக் கொடுக்க மாட்டார்.

அப்படியானால் வில்லங்கச் சான்றிதழ்? தொடர்கதை படிக்கிறவர்களுக்கு அதை விளக்குவது சுலபம். வில்லங்கச் சான்றிதழ் என்பது முன்கதைச் சுருக்கம். இது வரையில் யார் யாருக்கு விற்றார், யார் எங்கே அடமானம் வைத்தார் என்று நாலு வரியில் சொல்லும். ஆனால் முன்கதைச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கதை முழுவதும் தெரியும் என்று சொல்லலாமா? ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு வந்தது மட்டும்தான் அதில் இருக்கும். தாத்தா எழுதி வைத்த உயில் இருக்காது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அண்ணன் தம்பிகள் திண்ணையில் உட்கார்ந்து வாய்வார்த்தையாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினை இருக்காது. கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும் வழக்கு பெரும்பாலும் இருக்காது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்குகிறவரை அந்த வழக்கின் தீர்ப்புக் கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்யாணமாகி வெளியூர் போய்விட்ட பெண்கள் அதில் இருக்கவே மாட்டார்கள்.

அந்தப் பெண்களைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெறும்போது கிடைக்கும் பணத்தை எதிர்பார்த்து, கடன் வாங்கி, அண்ணன் தம்பி இருவரிடமிருந்து ஒரு கிரவுண்டு மனை வாங்கினார். பட்டா இருந்தது. வில்லங்கம் சுத்தமாக இருந்தது. பத்திரமும் பதிவாயிற்று. ஐந்து வருஷம் கழித்து அவருக்குக் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. அந்தச் சகோதரர்களுக்கு ஒரு தங்கை. நிலம் பரம்பரைச் சொத்து. அவளிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. "என்னை ஏமாற்றிவிட்டாளே!" என்று ஆசிரியை என்னிடம் வந்து அழுதார். அழுகையில் நியாயம் உண்டு. ஆனால் ஏமாற்றியது யார்? அந்தத் தங்கையா?

1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம், அப்போது கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிள்ளைகளுக்குச் சமமான பாத்தியதை கொடுத்தது. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கல்யாணமான பெண்களுக்கும் இந்தியா முழுவதும் அந்த உரிமையைக் கொடுத்தார்கள். 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும் 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்து வைத்துவிட்டது. அவசியம் இல்லை, அது பிறப்பிலேயே வரும் உரிமை என்றது. இத்தனைக்குப் பிறகும் "பெண்களுக்குத்தான் சீர் செய்து அனுப்பிவிட்டோமே" என்று அண்ணன்மார் விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயர் என்று எண்ணிப் பார்க்காமல் வாங்குகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பெண்ணின் பங்கைப் பறிப்பதற்குத் துணை போகிறார். ஆசிரியைக்காக நான் வருத்தப்படுகிறேன். ஆனால் அந்த வழக்கில் நான் தங்கையின் பக்கம்தான்.

'பவர்' என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. நிலச் சொந்தக்காரர் எங்கோ இருப்பார். அவரிடம் அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்ட ஒருவர் நமக்கு விற்பார். சொந்தக்காரர் உயிரோடு இருந்து, கொடுத்த அதிகாரத்தை ரத்து செய்யாமல் இருந்தால், அவர் சார்பில் இவர் முறையாகக் கிரயப் பத்திரம் பதிவு செய்து கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் கிரயப் பத்திரம் இல்லாமலே, பவர் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், ஒரு உயில், இந்த மூன்றையும் கையில் கொடுத்து "எல்லாம் ஒன்றுதான் ஸார்" என்று சொல்கிறவர்கள் உண்டு. எல்லாம் ஒன்று அல்ல, இந்த மூன்றும் சேர்ந்தாலும் கிரயம் ஆகாது என்று 2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டது. சொந்தக்காரர் பொதுவாகக் கொடுத்து வைத்த பவர், அவர் கண்ணை மூடினால் அவரோடு போய்விடும். ஆகவே பவரில் விற்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "விலை என்ன?" என்பது அல்ல. "சொந்தக்காரர் சௌக்கியமாக இருக்கிறாரா? நான் அவரைப் பார்க்க வேண்டுமே!" என்பதுதான்.

"பாங்கியே கடன் கொடுக்கிறதே! பாங்கிக்காரர்கள் வக்கீல் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்களா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பார்த்திருப்பார்கள், தங்களுக்காக. நிலம் கைவிட்டுப் போனாலும் தவணை உங்கள் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கும். விற்கிறவர் இலவசமாகக் கொடுக்கும் வக்கீல் அபிப்பிராயமும் ஏறக்குறைய அப்படித்தான். என் நாவலுக்கு நானே மதிப்புரை எழுதினால் நீங்கள் நம்புவீர்களா? இருபது லட்சத்துக்கு மனை வாங்குகிறவர், சொந்தமாக ஒரு வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுத்து, தாய்ப் பத்திரம் முதல் எல்லா அசல்களையும் வரிசையாகப் படித்துப் பார்க்கச் சொல்லத் தயங்குகிறார். தரகருக்குக் கமிஷன் கொடுக்கும்போது இந்தத் தயக்கம் வருவதில்லை.

சரி, இனி "அப்ரூவ்டா?" என்ற கேள்விக்கு வருவோம். விளைநிலத்தைத் துண்டு போட்டு, நடுவே செம்மண்ணைக் கொட்டி ரோடு என்று பெயர் வைத்து, பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்தை மட்டும் காட்டி விற்ற காலம் வெகு நாள் நடந்தது. லேஅவுட்டை அங்கீகரிக்கும் அதிகாரம் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் நகர் ஊரமைப்பு இலாகாவுக்கும்தான் உண்டு என்பதை வாங்கினவர்களிடம் யாரும் சொல்லவில்லை. 2016 செப்டம்பரில் சென்னை ஹைக்கோர்ட், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. அன்று தமிழ்நாடு முழுவதும் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லையோ! பெண் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்தவரால் விற்க முடியவில்லை. அப்புறம் 2017-ல் சர்க்கார் விதி செய்து, 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் உண்டான மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த வழி செய்தது. மலிவாக வாங்கிய மனைக்கு அங்கீகாரத்தின் விலை பின்னால் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான்.

இன்று இருக்கிற சட்டம் முன்னைவிடக் கடுமையானது. 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டுக்கு மேல், மனை போட்டு விற்கிறவர் முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுக்கு முன் விளம்பரமே செய்யக் கூடாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. இந்த இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்கப் போகிற வேனில் ஏறுங்கள். இலவச வேன், இலவச மத்தியானச் சாப்பாடு, குலுக்கலில் தங்கக் காசு. "இன்றைக்கே புக் செய்தால்தான் இந்த விலை" என்று பாயசம் பரிமாறும்போதே சொல்வார்கள். இருபது வருஷம் கட்ட வேண்டிய பொருளுக்கு இருபது நிமிஷம்கூட யோசிக்க விடாதவர் நமக்கு நல்லது செய்கிறவர் அல்ல என்பது தெரிய, சட்டப் புத்தகம் எதற்கு?

அங்கீகாரமும் இருக்கிறது, விலையும் மலிவு என்றால்? மலிவு என்றால் ஏன் மலிவு என்று கேட்க வேண்டும். மலிவுக்கு ஒரு முன்கதை உண்டு.

சில இடங்களில் அது ஏரி. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்றவர்களைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்களே, அந்த வீடுகளில் பலவும் சேமிப்பையெல்லாம் போட்டுக் கட்டியவைதாம். தண்ணீருக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது. முன்பு எங்கே நின்றதோ அங்கே வந்து நிற்கும்.

சில இடங்களில் அது கோவில் நிலம். 1959-ம் வருஷத்து அறநிலையச் சட்டப்படி, உரிய அனுமதி இல்லாமல் கோவில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் சாமி சொத்து சாமி சொத்துதான்.

இன்னும் சில இடங்களில் அது பஞ்சமி நிலம். செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் அன்றைய சென்னை மாகாண சர்க்கார், சொந்தமாக ஒரு காணி நிலமும் இல்லாதிருந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் கொடுக்க ஏற்பாடு செய்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. அதற்கப்புறமும் அந்த வகுப்பினருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. கடனையும் கையெழுத்துப் போடத் தெரியாமையையும் பயன்படுத்தி அந்த நிலங்களில் எத்தனையோ கை மாறிவிட்டன. அப்படி மாறியதில் ஒரு துண்டைத்தான் 'கார்டன்' என்றும் 'அவென்யூ' என்றும் பெயர் வைத்து நம்மிடம் விற்கிறார்களோ என்னவோ! பழைய அ-பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பார்க்கச் சொன்னால், "அதெல்லாம் எதற்கு ஸார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். நாமும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். சட்டப்படி அது நஷ்டம். தர்மப்படி அதைவிடப் பெரிய வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "மாம்பலத்தில் நீண்ட ஏரி என்று ஒன்று இருந்தது. 1920-களில் தொடங்கி அதை வற்றடித்துத்தானே தியாகராய நகரை உண்டாக்கினார்கள்? அன்று ஒரு மனை வாங்கிப் போட்டவரின் பேரன் இன்று கோடீசுவரன் அல்லவா?" என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே முதலில் ரோடும் பூங்காவும் திட்டம் போட்டுக் கோடு கிழிக்கப்பட்டன. பிறகு மக்கள் வந்து வீடு கட்டிக் குடியிருந்தார்கள். விலை ஏறியது குடியிருந்ததனால். கோடீசுவரப் பேரனை எல்லோரும் சுட்டிக்காட்டுகிறார்கள். அதே வருஷங்களில் வேறு எங்கெங்கோ வாங்கிப் போட்டு, கல்லும் காணாமல் போய், பத்திரத்தைப் பெட்டியில் வைத்தபடியே இறந்தவரின் பேரனை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. லாட்டரியில் பரிசு விழுந்தவரின் போட்டோதானே பத்திரிகையில் வரும்?

விலை ஏறுவதைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. "பத்து வருஷத்தில் இரண்டு மடங்கு ஆயிற்று!" என்று ஒருவர் மார்தட்டினால், வருஷத்துக்கு 7 சதவிகிதத்துக்குச் சற்று மேலான கூட்டு வட்டி என்று அர்த்தம். ஆயாசப்படாமல் பாங்கியில் நீண்ட கால டிபாசிட் போட்டு வைத்தவருக்கும் ஏறக்குறைய அதே அளவு கிடைத்திருக்கக் கூடும். அதற்கு வேலி போட வேண்டாம்; வழக்கும் வராது.

இன்னொரு கணக்கையும் போடுவோம். 20 லட்ச ரூபாய் மனை. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணம் 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக, 1 லட்சத்து 80 ஆயிரம் ரிஜிஸ்தர் ஆபீஸிலேயே போயிற்று. கையிலிருந்து 5 லட்சம் போட்டு, 15 லட்சத்தை 9 சதவிகித வட்டியில் 15 வருஷத்துக்குக் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 15,200 ரூபாய்க்குச் சற்று மேல். 15 வருஷத்தில் பாங்கிக்குக் கட்டுவது 27 லட்சத்து 38 ஆயிரம். எல்லாவற்றையும் கூட்டினால் 34 லட்சத்துக்கு மேல் போகிறது. அதாவது, 20 லட்சத்து மனையை 34 லட்சத்துக்கு விற்றால், 15 வருஷக் கவலைக்குக் கூலி பூஜ்யம். கைப்பணம் அந்த 15 வருஷம் சம்பாதித்திருக்கக்கூடிய வட்டியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. தரகர் கமிஷனையும், லாபம் வந்தால் அதற்குக் கட்ட வேண்டிய வரியையும் சேர்க்கவில்லை. அவசரத்துக்கு விற்றால் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் தகப்பனாரின் கட்டில் அருகே நின்றுகொண்டு மனைக்கு ஆள் தேடுகிறவரிடம் போய்க் கேளுங்கள், மண்ணிலே போட்ட காசு எப்படி என்று.

அப்புறம் அந்தக் 'கறுப்பும் வெள்ளையும்'. பாதியைப் பத்திரத்தில் காட்டலாம், மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள் என்கிறார் விற்கிறவர். 2015 ஜூன் முதல் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் தடை செய்தது. ஊழலைப் பற்றி ரயிலில் ஆவேசமாகப் பேசும் நம் நடுத்தர வகுப்பார், மஞ்சள் பையில் நோட்டுக் கட்டைச் சுமந்துகொண்டு தரகர் வீட்டுக்குப் போகும் காட்சி எனக்குச் சிரிப்பை உண்டாக்குவதில்லை. வழக்கு என்று வரும்போது அந்தப் பையில் இருந்ததற்கு ரசீது கிடையாது. பாதி விலை கொடுத்தவராகத்தான் கோர்ட்டில் நிற்பார்.

இவ்வளவும் வாங்குகிறவரின் நஷ்டம். ஊரின் நஷ்டம் ஒன்று இருக்கிறது. என் கோபத்துக்கு உண்மையான காரணம் அதுதான். சென்னையிலிருந்து தெற்கே பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். நெல் விளைந்த வயல்களில் கல் நட்டிருக்கிறது. நெல்லும் இல்லை; வீடும் இல்லை; சீமைக் கருவேல முள் மட்டும் இருக்கிறது. அந்த நிலம் யாருக்கும் சோறு போடவில்லை, யாருக்கும் நிழலும் கொடுக்கவில்லை. யாரோ ஒருவருடைய பீரோவில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்துக் கிராமத்தில் உண்மையிலேயே ஒரு குடிசை கட்ட மூன்று சென்ட் தேடுகிற கொத்தனார் ஒருவர் இருப்பார். நாம் வாங்கிப் போட்டு ஏற்றிய விலை அவர் கைக்கு எட்டாது. நாம் ஊதித் தள்ளிய விலையை நாளைக்கு நம்முடைய பிள்ளைகளே வீட்டு வாடகையாகக் கொடுக்கப் போகிறார்கள். அப்போதும் நாம் அவர்களிடம், "எங்கேயாவது வாங்கிப் போடு" என்றுதான் சொல்வோம்.

பிள்ளைக்கு ஐந்து லட்சம் சேர்ந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கடிதம் எழுதிய அம்மாளுக்கு என் பதில் இது. அவசரத்துக்கு ஆறு மாதச் செலவுக்கான பணம் முதலில் பாங்கியில் இருக்கட்டும். குடியிருக்க வீடு வேண்டும் என்று தோன்றுகிற வரையில் மனையைப் பற்றி நினைக்க வேண்டாம். தோன்றினால், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு நாள் குடையோடு அந்த இடத்துக்குப் போங்கள். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து இது முன்னே யாருடைய நிலம் என்று கேளுங்கள். டீக்கடைக்காரருக்கு அந்த நிலத்தின் மூன்று தலைமுறை தெரிந்திருக்கும். முப்பது வருஷத்துக்குக் குறையாமல் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தாய்ப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வாரிசுகளை எண்ணுங்கள், பெண்களைக் கட்டாயம் எண்ணுங்கள். சர்வேயரை வைத்து அளந்து, வரைபடத்தில் இருக்கும் மனையும் தரையில் இருக்கும் மனையும் ஒன்றுதானா என்று பாருங்கள். காசை ஒவ்வொரு பைசாவும் பாங்கி மூலமாகக் கொடுங்கள்.

இத்தனையும் செய்தால் ஆறு மாதம் ஆகும்; அதற்குள் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று தரகர் பயமுறுத்துவார். வாங்கிக்கொண்டு போகட்டும். அவசரப்பட்டு வாங்கிய அந்த வேறு யாரோ, ஐந்து வருஷம் கழித்துக் கையில் நோட்டீஸோடு உங்களிடம் யோசனை கேட்க வந்தால், அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுங்கள். உங்கள் பிள்ளையை மட்டும் "வாங்கிப் போடு" என்று சொல்லி அவரிடம் அனுப்பிவிடாதீர்கள்.